கத்தி படாத உடம்பு

வல்லிநாயகம் சாரை நான் முதன்முதலில் பார்த்தது பிணவறை வாசலில். குற்றால சீசன் நேரம். மெயினருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் வழுக்கி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு இறந்த ஓர் அம்மாவைக் கொண்டுவந்திருந்தார்கள். கடையம் பக்கத்தில் எங்கள் கிராமத்திலிருந்து டாக்டருக்குப் படித்த முதல் ஆள் நான். அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நனைந்த வேட்டியோடு ஒரு பெரியவர் குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, கத்தி வச்சிராதிய. இவ என் வீட்டம்மா, உமா மகேஸ்வரி. இவ உடம்பு அனாட்டமிக்குப் போகணும்."

பிறகுதான் ஆள் யாரென்று தெரிந்தது. மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். உள்ளங்கைக்குள் ரத்தக்குழாய்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறி ஓடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. துண்டான கையை ஒட்டுகிற சர்ஜன்கள் அதை இன்றும் புரட்டுகிறார்கள். அந்த ஆராய்ச்சிக்கு உடம்புகள் வேண்டும். யார் கொடுப்பார்? சிவகிரியிலிருந்து செங்கோட்டை வரை வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறார். "பொணம் கேக்க வாரான்லே, கதவச் சாத்து" என்று விரட்டியிருக்கிறார்கள். "ஒம்ம வீட்டுல குடுப்பீரா வே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அன்றைக்கே உமா மகேஸ்வரி அம்மாள் உடல்தானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் நாலு பேர் நம்பினார்கள்.

ஆனால் அருவியில் விழுந்து செத்தால் போலீஸ் கேஸ். "போஸ்ட்மார்ட்டம் இல்லாம விட்டா எனக்கு வேல போயிரும் சார்" என்று எஸ்.ஐ. கையை விரித்தார். அறுத்துத் தைத்த உடம்பில், அழுகாமல் இருக்க ஏற்றுகிற ஃபார்மலின் நிற்காது. வெட்டுப்பட்ட குழாய்கள் வழியே ஒழுகிவிடும். பாடம் நடத்த உதவாது. இது சாருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இருந்தும் பழைய கல்லூரிக்குப் போன் போட்டார். அங்கே இப்போது துறைத் தலைவி அவருடைய மாணவி ஜெபமலர். அந்தம்மா அழுதுகொண்டே பேசியது எனக்கும் கேட்டது.

"சார், என் எடத்துல நீங்க இருந்தா எடுப்பீங்களா? நீங்களே சொல்லுங்க."

"எடுக்க மாட்டேன்" என்றார் சார்.

லாரியில் அடிபட்டுச் செத்த மகனைத் தானம் கொடுக்கக் கொண்டுவந்த ஒரு தகப்பனை, தையலைப் பார்த்துவிட்டுக் கல்லூரி வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் சார்தான். போனை வைத்துவிட்டு எனக்கு வழிவிட்டார். நான் உள்ளே போனேன்.

முடித்து வெளியே வந்தபோது, அம்மாளின் தம்பி மணிமுத்து சிவகிரியிலிருந்து வந்து நின்றார். ரிட்டயர்டு ஏட்டு. கையில் அக்காள் உடம்பில் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை. தன் வீட்டில் சடங்கு கிடையாது, கோடி கொண்டுவரக் கூடாது என்று சார் பல வருஷமாகச் சொல்லிவைத்திருந்தாராம்.

"ஊரான் வீட்டுப் பொணத்துக்கெல்லாம் அலைஞ்சியளே அத்தான். இப்ப எங்கக்கா யாருக்குமே வேண்டாம்னு ஆயிட்டால்லா?"

"ஏட்டையா, விடுங்க" என்றார் எஸ்.ஐ.

சார் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத எப்படிப் போத்தணும் மணி? எனக்குத் தெரியாதுடா."

மணிமுத்து அதன்பிறகு ஏசவில்லை. மேலகரத்தில் சார் வீட்டில் நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்து குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பொழுது சாய்வதற்குள் எரித்தார்கள்.

காரியம் முடிந்தபின் ஒரு நாள் பார்க்கப் போனேன். ஸ்கூட்டரை விற்றிருந்தார். குளிக்கும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தது. சாரல் விழுந்தால் முற்றத்தில் கால் வைப்பதில்லை. வாங்க சார், காசிவிசுவநாதர் கோயில் வரைக்கும் போய் வருவோம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி. ரோட்டுல ஏதும் ஆச்சுன்னா திரும்ப நீங்கதான் அறுக்கணும். நானாவது முழு உடம்பா அனாட்டமிக்குப் போகணும்னா கட்டில்லயே போயிரணும். டாக்டர் ஒருத்தர் தொடர்ந்து பாத்திருந்தாத்தான் நோயில செத்தான்னு எழுதிக் குடுக்க முடியும். மாசாமாசம் வந்து பாப்பியளா?"

பார்க்கிறேன் என்றேன். மாதாமாதம் போய் பிரஷர் பார்த்து எழுதிவைக்கிறேன்.

வல்லிநாயகம் சார் இப்போது மேலகரம் வீட்டில் தனியாக இருக்கிறார். கேட்டைத் தாண்டி வெளியே வருவதில்லை.