இடைவேளையில் அசைந்த குதிகால்கள்

துறைமுக நகரமான வெராக்ரூஸின் மீன் சந்தையில் இறால் உரித்தே மகளை ஆளாக்கியவள் தெல்ஃபினா. அடங்கிப்போகிற ரகம் இல்லை. கை நடுக்கமும் கால் இழுப்பும் வந்து, பார்க்கின்சன் என்று டாக்டர் பெயர் சொன்ன அன்றுகூட அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஞாயித்துக்கிழமை ஆடலாமா?"

மாத்திரை கொடுத்தார்கள். கால் மறுபடி சொன்ன பேச்சைக் கேட்டது. ஊர்ச் சதுக்கத்தில் தான்சோன் என்னும் ஜோடி நடனத்துக்கு இசை எழும்போதெல்லாம் ஃபௌஸ்தினோவின் தோளில் கைவைத்து இறங்கிவிடுவாள். படகோட்டி ஓய்ந்த அந்த மனிதர்தான் பல வருஷமாக அவளுடைய ஆட்டத்துணை.

தான்சோனில் பல்லவி திரும்பும்போதெல்லாம் ஜோடிகள் ஆட்டத்தை நிறுத்தி, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பெண்கள் விசிறிக்கொள்வார்கள். அந்த இடைவேளையில் அசைகிறவளை ஆடத் தெரியாதவள் என்று ஏளனம் பேசுவார்கள். அப்படி நிற்கையில் இரண்டொரு தரம் தெல்ஃபினாவுக்குக் கண் இருட்டியது. மகள் நோயெமி பயந்துபோய் அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்தாள். பல்லவி வந்ததும் அம்மாவை அதில் உட்காரவைத்தாள். ஆட்டம் தொடங்க, தெல்ஃபினா விருட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஊரே பார்க்கச் சாய்ந்தாள்.

"ஆட்டமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் நோயெமி, மறுநாள் ஆஸ்பத்திரியில்.

டாக்டரம்மா தெல்ஃபினாவைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"மாத்திரை உள்ள போய் டோபமின்ங்கிற ரசாயனமா மாறுது. மூளையில அதுதான் உங்களை ஆடவைக்குது. வெளியில அதே டோபமின் ரத்தக் குழாயைத் தளர்த்திவிடுது. எழுந்து நின்னா குழாய் இறுகி ரத்தத்தை மேல தள்ளணும். உங்க வியாதியால அதுவும் சரியா நடக்கல. ரத்தம் காலுக்கு இறங்கிடுது, மூளைக்குப் பத்தல. அதான் இருட்டுது."

"ஆடும்போது இருட்டலையே?" என்றாள் தெல்ஃபினா.

"கெண்டைக்கால் வேலை செஞ்சா ரத்தத்தை மேல அனுப்பும். அசையாம நிக்கிறதும், சட்டுனு எழுறதும்தான் ஆபத்து."

தெல்ஃபினா மகளைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாடி? என்னைத் தள்ளினது ஆட்டம் இல்ல. உன் நாற்காலி."

டாக்டரம்மா மாத்திரை அளவைக் குறைத்தாள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னாள், தலை சுற்றினால் உடனே தரையில் உட்காரச் சொன்னாள். ஆடாதே என்று மட்டும் சொல்லவில்லை. நோயெமிக்கு அதில் ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை பல்லவி வந்தது. சதுக்கமே சிலையாக நின்றது. தெல்ஃபினாவின் குதிகால்கள் மட்டும் பாவாடைக்குக் கீழே ஏறி இறங்கின. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஆட்டக் குழுவின் தலைவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அம்மா, இது தான்சோன். கொஞ்சம் அசையாம நில்லுங்க."

"நின்னா விழுவேன். நான் விழுறதை போன வாரமே பார்த்தாச்சு இல்ல? இன்னிக்கு ஆடுறதைப் பாருங்க."

அவர் நிமிர்ந்து பின்வாங்கினார். ஃபௌஸ்தினோ அவள் காலைப் பார்த்தார். தன் வெள்ளைச் செருப்பின் குதிகாலைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். தெல்ஃபினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஓரத்தில் நோயெமி நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

"அதுல நீ உட்காருடி," என்றாள் தெல்ஃபினா. "எனக்கு இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு."