ஐந்தாவது பத்தியில் விடை

போவதற்கு எழுந்துவிட்ட ஒருவரை இன்னும் சற்று நேரம் உட்கார வைத்துவிட்டால், அவர் நம்மோடு இருந்தார் என்று சொல்ல முடியுமா? காலை ஒன்பதரை மணிக்குத் தேநீர்க் கோப்பையோடு சுவர்த் திரையின் முன் என்னோடு வேலை பார்க்கும் அந்த எழுத்தாளர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும். எங்கள் இணையதளத்துக்கு வந்தவர்கள் முந்தைய நாள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்பதை அந்தத் திரை காட்டும். காய்ச்சல் அளவைப் பார்ப்பதுபோல அவர் அதைப் பார்ப்பார். "ரெண்டு நிமிஷம் பதினொண்ணு. பரவாயில்ல, எறங்கல." அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காருவார். அலுவலகத்தில் அவருக்கு நிமிஷக்காரர் என்று பெயர்.

வீட்டில் திடீரென்று முளைக்கும் சிக்கல்களுக்கு வழி சொல்லும் தளம் எங்களுடையது. சட்டையில் மை கொட்டிவிட்டது, மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது, சாவி உடைந்து பூட்டுக்குள் நின்றுவிட்டது. எல்லாரும் அவசரத்தில் வருகிறவர்கள். அவசரக்காரர்களை உட்கார வைப்பதுதான் அவர் வேலை. முதல் பத்தியில் அனுதாபம். அடுத்ததில், இது யார் வீட்டிலும் நடப்பதுதான் என்ற ஆறுதல். மூன்றாவதில் காரணம். நான்காவதில், பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு என்று ஒரு சின்ன மிரட்டல். ஐந்தாவதில்தான் விடை. "கதவத் தொறந்ததும் பொருளக் கையில குடுத்துட்டா, உள்ள வந்து யாரு உக்காருவா?" என்பார். எழுத்து என்று பார்த்தால் அதில் பாராட்ட அதிகம் இல்லை. ஆனால் அவர் பத்தியை முடிக்கும் இடத்தில் யாராலும் போனிலிருந்து விரலை எடுத்துவிட முடியாது. அந்த ஒன்றை ஒப்புக்கொள்ள எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று.

தொழில் அவர் பேச்சிலும் இறங்கிவிட்டது. "ஒரு சங்கதி கேள்விப்பட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடிக்கும்வரை நாம் நின்றாக வேண்டும். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "கல்யாணமான புதுசுல, வாடகைக்கு ஒரு வீடு பாத்துட்டு வந்தேன்னார். கெடைச்சுதா இல்லையான்னு நான் தெரிஞ்சுக்கிறதுக்குள்ள சோறே வெந்துடுச்சு."

ஒரே மகள். திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிறு காலை பத்தரைக்குப் போன் செய்வாள். அந்த அழைப்புக்காக வாரம் முழுவதும் அவர் செய்தி சேர்ப்பார். மாடி வீட்டுக்காரர் இந்த வயதில் சைக்கிள் பழகுவது, எதிர்வீட்டுப் பூனை காணாமல்போனது, அவளுடைய பள்ளித் தோழியைக் கடைவாசலில் பார்த்தது. சீட்டில் எழுதி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று குறுக்குக்கோடும் போட்டிருப்பார். நேராகச் சொன்னால் நான்கு நிமிஷத்தில் வைத்துவிடுவாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னால் ஏழு. ஒரு திங்கட்கிழமை, திரைப்பக்கம் போகாமல் நேரே என் மேசைக்கு வந்து, "நேத்து ஒம்பது" என்றார். அன்று முழுவதும் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் இந்த வித்தை அவளுக்குத் தெரியாமல் இல்லை. "என்னையும் ஸ்க்ரோல் பண்ண வைக்காதீங்கப்பா, அந்தப் பூனை என்னதான் ஆச்சு?" என்று கேட்பாளாம். இதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமையாகத்தான் இருக்கும். நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்பது நிமிஷம் அவள் காத்திருந்தது பூனைக்காகவா, அவருக்காகவா? அவரும் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். சில ஞாயிறுகளில் பேசி முடித்த பிறகும் போனைக் கையிலேயே வைத்திருப்பார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு நான் அவர் வீட்டில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. போனைச் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் வைத்தார்கள். மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அவர் சீட்டை எடுத்தார். மகள் அதற்கு இடம் தரவில்லை. வியாழக்கிழமை குழந்தை மூக்கில் ஒரு பாசிமணியைத் திணித்துக்கொண்டுவிட்டதாம். என்ன செய்வதென்று போனில் தேடியிருக்கிறாள். எங்கள் தளம்தான் முதலில் வந்திருக்கிறது.

"முதல் வரியிலயே தெரிஞ்சுபோச்சுப்பா, நீங்கதான்னு. பதறாதீங்கன்னு போட்டிருந்துச்சு. நீங்களே பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. படிச்சுக்கிட்டே இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "குச்சி கிச்சி எதுவும் விடக்கூடாதுங்கறது அஞ்சாவது பத்தியில இருக்கு. நான் மூணுல இருக்கும்போதே இவரு ஹேர்பின்ன விட்டுட்டாரு."

மணி இன்னும் உள்ளே போய், ரத்தம் வந்து, கடைசியில் மருத்துவமனையில் மயக்கம் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். இப்போது குழந்தை விளையாடுகிறதாம். மகள் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "அப்பவே சொல்ல மாட்டியாடி?" என்று அவர் மனைவிதான் கடிந்துகொண்டார்.

அவர் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "எவ்ளோ நேரம் இருந்தே?"

"எங்கப்பா?"

"அந்தப் பக்கத்துல."

"தெரியலயே. ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். ஏன்?"

பட்டாணி உரிப்பதை விட்டுவிட்டு மனைவி அவரையே பார்த்தார். அவர் கேட்ட அந்தக் கேள்வியில் எது இருந்தது, குற்றவுணர்ச்சியா, ஏக்கமா என்று என்னால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவர் எடுத்த சீட்டு மேசையில் அப்படியே கிடந்தது.

மறுநாள் வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்தார். தளத்திலேயே மக்கள் அதிக நேரம் தங்கும் பக்கங்களில் அதுவும் ஒன்று. மூன்று நிமிஷம் ஆறு விநாடி. முதல் நான்கு பத்திகளையும் அழித்தார். வாரக் கடைசியில் அது பத்தொன்பது விநாடிக்கு இறங்கியிருந்தது. கூட்டத்தில் மேலாளரம்மா காரணம் கேட்டார். "பாத்தேன் மேடம்" என்றார். மற்ற பக்கங்களை இன்றும் பழைய மாதிரியேதான் எழுதுகிறார். மை கொட்டிய சட்டைக்காரர்கள் ஐந்தாவது பத்திவரை போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த ஞாயிறு மகள் எத்தனை நிமிஷம் பேசினாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாசிமணிப் பக்கத்தில் இப்போது மூன்றே வரிகள். குச்சியோ விரலோ விடாதீர்கள். உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூன்றாவது வரியை மட்டுமாவது எடுத்துவிடும்படி மேலாளரம்மா இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். எந்தத் தளமும் வந்தவரிடம் இப்படிச் சொல்லாது என்றார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எடுக்கவில்லை.

"படித்தது போதும், இதை மூடிவிட்டுக் கிளம்புங்கள்."