ஓடைக்குத் தண்ணி கேன் தூக்கிட்டுப் போனவன்

களக்... களக்...

முன்னாடி நடக்குறவன் தோள்ல இருபது லிட்டர் தண்ணி கேன் குலுங்குற சத்தம். இன்னைக்கும் யாராவது மாடிப்படியில கேன் தூக்கிட்டு ஏறினா, எனக்கு அந்தக் காட்டுப் பாதைதான் ஞாபகத்துக்கு வரும்.

தூக்கினது டில்லி. அண்ணனூர்க்காரன். அம்பத்தூர் எஸ்டேட்ல நாங்க வேலை பார்த்த கம்பெனியில லேத் ஆபரேட்டர். நான் குவாலிட்டி செக்கிங். டிப்ளமோ முடிச்சு அம்பாசமுத்திரத்துல இருந்து வந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.

அந்த எட்டு மாசமும் நான் ஒழுங்கா செஞ்ச ஒரே வேலை புலம்புறது. "இதெல்லாம் ஒரு தண்ணியாடா? வாயில வைக்க முடியல... வயித்தைக் கலக்குது... முடி கொட்டுது..." டில்லி ஒரு பீஸைச் செக்கிங்குக்கு எடுத்துட்டு வந்தா போதும், என் தண்ணி புராணம் ஆரம்பிச்சிடும். பாவம், நின்னு கேட்டுட்டுத்தான் போவான்.

கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை ரிசைன் லெட்டர் எழுதிட்டேன். திங்கக்கிழமை சூப்பர்வைசர் கையில கொடுத்துட்டு ஊருக்கு பஸ் ஏறிடணும். யார்கிட்டயும் மூச்சு விடல. நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தேன்.

சனிக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிஞ்சு கை கழுவுறேன், டில்லி வந்து நிக்கிறான்.

"மச்சான், ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு காடு கீது. சூப்பரா ஓடை ஓடுதாம். பாபு வண்டி எட்த்துகினு வரான். அங்கியே தங்கிட்டு நாளிக்கு வந்துடலாம், வா."

பாபு எங்க கம்பெனிக்கு லோடு அடிக்கிற மினி லாரி டிரைவர். சரி, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை சேர்ந்து சுத்திட்டு வருவோம்னு போட்டிருந்த சட்டையோட ஏறிட்டேன்.

டென்ட் எல்லாம் ஏது? டில்லியோட அக்கா பொண்ணு காதுகுத்துக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ் பேனர்தான். ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி அதைப் போட்டோம். மேல கொழுகொழுன்னு ஒரு பாப்பா சிரிக்குது, "வருக வருக"ன்னு எழுதியிருக்கு. அடியில மூணு தடிப்பசங்க.

வண்டி நிக்கிற இடத்துல இருந்து ஓடைக்கு ரெண்டு கிலோமீட்டர் நடை. நாங்க பாத்திரம், அரிசி, கோழின்னு எடுத்துக்கிட்டோம். டில்லி மட்டும் அந்தக் கேனைத் தோள்ல ஏத்திட்டான்.

"ஓடைக்குப் போறோம்டா... திருநெல்வேலிக்கே அல்வாவா?"ன்னு நான் ஆரம்பிச்சேன். பாபுவும் சேர்ந்துக்கிட்டான். வழி பூரா ஓட்டித் தள்ளினோம்.

"மூடிகினு நட மாமே"ன்னு ஒரே வார்த்தைதான் டில்லி.

ஓடையைப் பார்த்தேன் பாருங்க... அடியில கிடக்குற கூழாங்கல்லை எண்ணிடலாம், அப்படி ஒரு தெளிவு. காஞ்ச மாடு கம்பங்கொல்லையில பாஞ்ச மாதிரி சட்டையோட குதிச்சேன். கையால அள்ளி அள்ளிக் குடிச்சேன்.

"டேய்! குடிக்காதடா! வவுத்துக்கு ஒத்துக்காது! கேன் தண்ணி கீது, இத்த குடி!" கரையில நின்னு டில்லி கத்துறான். நான் அவன் மேல தண்ணியை வாரி அடிச்சேன். அந்த எட்டு மாசத்துல நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

மேல ஏறி சட்டையைப் பிழியும்போதுதான் லெட்டர் ஞாபகமே வந்தது. எடுத்தா நீல மை பரவி, ஒரு எழுத்து தெரியல.

"இன்னாடா அது, லவ் லெட்டரா?"

"ஆமா."

"யாருக்கு?"

"சூப்பர்வைசருக்கு."

பாபு விழுந்து விழுந்து சிரிச்சான். டில்லி சிரிக்கல. என் கையில இருந்த பேப்பரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம், "கொழம்பு ஆறுது, வந்து துன்னு"ன்னு போயிட்டான். அந்தக் குழம்பு வச்சதும் கேன் தண்ணியிலதான். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனா அப்படி ஒரு குழம்பை நான் அப்புறம் சாப்பிடவே இல்லை.

திரும்ப எழுத ஒரு வெள்ளைப் பேப்பர் போதும். திங்கக்கிழமை வந்தது, எழுதல. செவ்வாய்க்கிழமையும் எழுதல. இருபது வருஷம் ஓடிப்போச்சு.

இப்ப அயனம்பாக்கத்துல ஃபிளாட். பால்கனியில நின்னா ஏரி தெரியும். வீட்ல ஆர்.ஓ. மெஷின்.

போன மாசம் அதே மூணு பேரும் அதே ஓடைக்குப் போனோம். பேனர் பாப்பா இப்ப ஐ.டி. கம்பெனியில இருக்கா. டென்ட் ஆன்லைன்ல வாங்கினது, உதறினா தானா விரியுது. இறங்கி என் கார் டிக்கியைத் திறந்தேன்.

உள்ள ஒரு தண்ணி கேன். நான் வச்சதுதான்!

"இன்னாடா இது?"ன்னான் டில்லி.

"இல்லடா... இப்பல்லாம் எனக்கு ஓடைத் தண்ணி ஒத்துக்காது..."

பாபு தரையில உட்கார்ந்தே சிரிச்சான். சரி, இன்னைக்கு நம்ம முறைன்னு குனிஞ்சேன். முட்டி ஒத்துழைக்கல. டில்லி என்னைத் தள்ளி விட்டுட்டு ஒரே தூக்கு... கேன் தோள்ல.

"அன்னிக்கி இன்னா ஓட்டு ஓட்டினே... நான் பொறந்ததுலேந்து போர் தண்ணி குடிக்கிறவன்டா. எனக்காடா கேன் தூக்கினேன்?"

சொல்லிட்டு விறுவிறுன்னு நடக்க ஆரம்பிச்சுட்டான். களக்... களக்...

என் புலம்பலை எல்லாம் ஒருத்தன் காதுல வாங்கியிருக்கான்னு தெரிய இருபது வருஷம் ஆயிருக்கு.

இப்ப போன்ல தட்டினா கேன் வாசலுக்கே வந்துடுது. வசதிதான், குறை சொல்லல. ஆனா என் வயித்தை நினைச்சு யாரும் தூக்கிட்டு வர்றதில்லை.

டில்லி இந்த மாதிரி எழுதிப் போடுறதெல்லாம் படிக்கமாட்டான். பாபு, இதை அவனுக்குப் படிச்சுக் காட்டு. திட்டுவான்... பரவாயில்ல, நான் வாங்கிக்கிறேன்.