சப்பாத்துக்குள் ஈரக்கால்

எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் எங்கள் கடை எரிந்து, தெற்கிலிருந்து சொந்த ஊரான புங்குடுதீவுக்கு வந்து சேர்ந்தபோது, என் ஆறு வயது மகளுக்கு மிஞ்சியது காலில் கிடந்த கறுப்புச் சப்பாத்து மட்டுந்தான். கொஞ்ச நாள் போக, கடையில் ஏதாவது தப்பியிருக்கிறதா என்று பார்க்க என் கணவர் திரும்பிப் போனார். அழுத பிள்ளையிடம் வாசல் படலையில் நின்று சொன்னார்:

"சப்பாத்தைப் போட்டு வெளிக்கிட்டு நில்லம்மா. அப்பா வந்த உடன கூட்டிக்கொண்டு போறன்."

அழுகையை நிறுத்தச் சொன்ன பேச்சு. அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்ததாக ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

மாரி மழை தொடங்கியது. அவள் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை சப்பாத்தோடு திரிந்தாள். கழற்றச் சொன்னால் ஊரைக் கூட்டினாள். ஒருநாள் கிணற்றடியில் பிடித்து இருத்தி, இழுத்துக் கழற்றினேன். விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறித் தோல் உரிந்திருந்தது. நாற்றம் வேறு. சேற்றுப்புண்.

எங்கள் வீட்டில் எதற்கும் முதல் வைத்தியம் கழுவுவது. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீர் பட்டதும் பிள்ளை துடித்தாள். ஆகவே குடிப்பதற்கென்று தூரத்திலிருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீரில் வேப்பிலையும் மஞ்சளும் அவித்து, நாளுக்கு நாலு தரம் கழுவினேன். கழுவி முடிய அவள் ஈரக்காலை அப்படியே சப்பாத்துக்குள் விடுவாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கழுவிய காலைத் துடைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. வெறுங்காலில் வளர்ந்தவர்கள், நாலு எட்டு வைத்தால் காய்ந்துவிடும்.

புண் உள்ளங்காலுக்கு இறங்கியது. அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். "எல்லாம் உன்ர பிடிவாதத்தாலதான்" என்று அடித்தும் விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்காது.

தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி அவள் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"கழுவுறனீரோ?"

"ஓம் ஐயா, நாலு தரம்."

"துடைக்கிறனீரோ?"

"இல்லை ஐயா, தானாக் காயுந்தானே."

"அப்ப நீர்தான் ஊறப்போட்டு வளர்த்திருக்கிறீர். இடுக்கெல்லாம் ஒத்தி எடும். காத்துப் படவேணும். சப்பாத்து போடவே ஏலாது."

ஊதா மருந்து தந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா வந்தா என்னத்தைப் போடுறது?"

"வரேக்க போடலாம்" என்றேன். சப்பாத்தை அவள் கண்ணில் படும்படி கதிரையில் வைத்தேன். கணவர் இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து, அவள் காலை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக ஒத்தி எடுத்து மருந்து பூசினேன். சாரத்தைக் கிழித்ததற்கு வந்து ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவாவது வரட்டும் என்றும் நினைத்தேன்.

தைப்பொங்கலுக்குள் கால் ஆறிவிட்டது. அன்று அவளே சப்பாத்தை எடுத்து வந்தாள். தள்ளியும் பார்த்தாள், குத்தியும் பார்த்தாள். குதிக்கால் உள்ளே போகவில்லை. அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என்ர பழைய அளவுதானே தெரியும்? வாங்கிவாற புதுச் சப்பாத்தும் காலுக்குச் சின்னனா வரப்போகுது."

கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்தேன். அவள் காலை அதில் ஊன்றவைத்து, பென்சிலால் சுற்றிவரக் கோடு இழுத்தேன். ஆறிய விரல்கள் கூசி அவள் சிரித்தாள். மடித்து உறையில் போட்டேன். மேலே எழுத, எரிந்துபோன கடையின் விலாசம்தான் என்னிடம் இருந்தது. அதையே எழுதினேன்.