மாமி பிறந்த இடம்

சிறு வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதற்காக அம்மாவிடம் குட்டு வாங்காத நாள் குறைவு. ஆனால் அந்த வாயால் நான் செய்த பெரிய பிழைக்கு ஒருவரும் என்னைத் தொடவில்லை.

என் மாமி பாம்பன் பக்கத்திலிருந்து வள்ளத்தில் வந்திறங்கி, தலைமன்னாரில் மாமாவைக் கட்டியவர். அப்போது எங்கள் கரையில் பெண் எடுப்பதும் கொடுப்பதும் அப்படித்தான். கடிதாசி ஒன்றும் கிடையாது. நாலு வருடத்தில் மாமி கதைக்கிற பேச்சும் எங்கள் பேச்சு மாதிரியே ஆகிவிட்டது. பிறகுதான், பத்திரம் இல்லாதவர்கள் எல்லோரும் மன்னார்க் கந்தோரில் வந்து பதிய வேண்டும் என்று கட்டளை வந்தது. மாமா கடலுக்குப் போயிருந்தார். தனியே போகப் பயந்து மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கிளாக்கர் மட்டக்களப்புப் பக்கத்து மனிதர்.

“பிறந்த இடம்?”

“அக்கரை” என்றார் மாமி.

எங்கள் ஊரில் இந்தியாவை வேறு எப்படிச் சொல்வார்கள்? ஆனால் கிளாக்கருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கரைப்பற்றோ? எங்கட பக்கமெல்லோ. அப்ப இந்த நாட்டு ஆள்தானே, ஒரு கரைச்சலும் இல்லை” என்று எழுதத் தொடங்கினார். மாமி ஒன்றும் பேசாமல் என் கையை இறுக்கிப் பிடித்தார். பாவம், பதில் சொல்லத் தெரியாமல் தவிக்கிறார் என்று நினைத்தேன்.

“இல்லை ஐயா, அது இந்தியா. கப்பல்ல போகோணும்” என்றேன்.

பேனை நின்றது. “பிள்ளை, நீங்கள் வெளியில போய் நில்லுங்கோ” என்றார் கிளாக்கர், மெதுவாக. அதற்குள் பின்மேசையில் இருந்த மேலதிகாரி எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மாமியைக் கப்பலேற்ற இறங்குதுறைக்குப் போனோம். மாமா என் முகத்தைப் பார்க்கவேயில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமி போவதற்காக அல்ல, மாமா கோபமாக இருந்ததற்காக. மாமி என் கண்ணைத் துடைத்துவிட்டு மாமாவிடம் சொன்னார்: “பிள்ளையோட ஏன் கோவிக்கிறியள்? அவள் சரியாத்தானே சொன்னவள்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பல் நகர்ந்தபோது, “மடுத் திருவிழாவுக்கு முதல் வந்திடுங்கோ, மாமி” என்று கத்திக் கையைக் காட்டினேன். பெரியவர்கள் எல்லோரும் ஏன் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.