காலண்டரில் எழுதிய எடை

அயனம்பாக்கம் கிளினிக்கில் நர்ஸ் என் ஒன்றரை வயது மகளை எடை மெஷினில் உட்கார வைத்தார். இருபத்திநான்கு என்று வந்ததைச் சீட்டில் கிலோ என்றே எழுதினார். எனக்கு அம்மாவின் காலண்டர் ஞாபகம் வந்தது.

என் சின்ன வயதில் ஆவடி வீட்டில் எங்களிடமும் ஒரு மெஷின் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்தது. அம்மா ஒரு வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி நிற்பாள். கழித்து வந்ததைக் காலண்டரில் எழுதுவாள்.

தம்பிக்குக் காய்ச்சல் கொதித்த அன்று அப்பா மருந்துக்கடைக்கு ஓடினார். எடை கேட்ட கடைக்காரரிடம் காலண்டரில் பார்த்த இருபத்திரண்டைச் சொல்லி, சிரப்போடு வந்தார்.

"ரெண்டு மூடி குடுக்கச் சொன்னாரு."

தம்பியை இடுப்பில் வைத்தபடி அம்மா மூடியை அவன் உதடுவரை கொண்டுபோனாள். எதிரே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இருந்தது. அவள் கை நின்றுவிட்டது.

"இன்னா, குடு," என்றார் அப்பா.

"அந்த மூட்டைய நாம ரெண்டு பேரும் சேந்துதான இழுத்தோம். இவன ஒத்தக் கையில தூக்கிகினு கீறேன். இவன் எப்டி இருபத்திரண்டு கிலோ?"

அப்பா மெஷினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எண்களுக்குக் கீழே பொடி எழுத்தில் பவுண்டு என்றிருந்தது. இருபத்திரண்டு பவுண்டு என்றால் தம்பி பத்து கிலோதான். அம்மா மருந்தைப் பாட்டிலில் திரும்ப ஊற்றினாள். அதில் பாதி தரையில் கொட்டி, வீடெல்லாம் ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடித்தது.

"இருபத்திநாலு கிலோவா, மேடம்?" என்று கிளினிக்கில் நர்ஸிடம் கேட்டேன்.

"மெஷின் அதாங்க காட்டுது," என்றார் நர்ஸ்.

"நீங்களே தூக்கிப் பாருங்க," என்று மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன்.