இடப்பக்கத்து வெளிச்சம்

பேய், ஆவி என்று யாராவது கதையைத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் கடைசியில் நீங்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வை எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் மன்னார்க் கடலில் கடலட்டை பிடித்த சுழியோடி நான். கையில் ஒரு லைட்டோடு கடலின் அடியில் தவழ்ந்து திரிந்தவன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். இப்போதும் நான் நம்பவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு.

லீனஸ் அத்தான், அதாவது என் அக்கா மெற்றில்டாவின் கணவர், அவரோடுதான் நான் அட்டைக்குப் போவது. ஒன்றாகவே இறங்குவோம், அவர் எப்போதும் என் இடப்பக்கம். அடியில் வாய் பேச முடியாதே, லைட்டால்தான் பேச்சு. லைட்டை உள்ளங்கையால் இரண்டு தரம் பொத்தினால் 'நீ ஏறு, நான் பின்னால வாறன்' என்று அர்த்தம். எப்போதும் அவர்தான் பொத்துவார், நான்தான் முதலில் ஏறுவேன்.

கடல் கொந்தளிக்கும் சோளகக் காற்றுக் காலம் ஒன்றில் நான் காய்ச்சலில் படுத்திருக்க, அத்தான் தனியாகத் தன் படகில் எங்கள் ஊர் வங்காலையிலிருந்து வலைக்குப் போனார். திரும்பவில்லை. படகும் இல்லை, உடலும் இல்லை. முதல் மாதம் ஊர் அழுதது. இரண்டாம் மாதம் கதை கட்டத் தொடங்கியது. படகோடு ராமேஸ்வரத்துக்குப் போய்விட்டாராம், அங்கே வேறொரு குடும்பமாம், கண்ணால் கண்டவர்கூட இருக்கிறாராம். கண்டவர் யார் என்று கேட்டால் மட்டும் ஆளைக் காட்ட மாட்டார்கள். அக்கா விதவையென்று கறுப்பு உடுக்கவும் முடியாமல், நிறம் உடுக்கவும் மனமில்லாமல், ஒரே சாம்பல் சேலையோடு வேதக் கோவிலுக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டு வந்தாள். செத்தவருக்கான பூசையா, போனவருக்கான மன்றாட்டா, எதைக் கேட்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த வருடம் எருக்கலம்பிட்டி மீனவர் நஸீர் நானாவின் வலை ஓரிடத்தில் சிக்கியது. கல் இல்லாத இடத்தில் எதில் சிக்கும் என்று அவர் என்னைக் கூட்டிப்போனார். எட்டுப் பாகத் தண்ணீர், எட்டு ஆள் ஆழம். இறங்கினால் படகு. கலங்கலில் ஒன்றும் தெரியவில்லை, முகத்தை ஒட்டவைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். படகின் இலக்கம், அதற்குக் கீழே அத்தானே பெயின்ற்றால் எழுதிய அக்காவின் பெயர். மேலே வந்து ஊருக்குச் சொன்னேன். என்ன சொன்னார்கள் தெரியுமா?

"அக்காவுக்காக நீ பொய் சொல்லுறாய்."

சரி, உங்கள் கண்ணாலேயே காட்டுகிறேன் பாருங்கள் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கொழும்பில் கமராக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்ற, தண்ணீர் புகாத அலுமினியக் கமராக் கூடு ஒன்றைக் காட்டினார், நாற்பது பாகம் இறங்குமாம். எனக்கு எட்டுப் பாகம் போதும் ஐயா என்று கண்ணாடிபோல் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கூட்டை எடுத்தேன். ஒரு துளி தண்ணீர் உள்ளே போனாலும் அதில் கண்ணுக்குத் தெரியும். லைட்டுக்கு வந்தபோதுதான் சண்டை. கமராவின் தலையிலே பூட்டுகிற பெரிய லைட் ஒன்றைத்தான் எல்லாரும் வாங்குகிறார்களாம். மன்னார்த் தண்ணீரை அவருக்குத் தெரியாது. கலங்கலில் நேராக வெளிச்சம் அடித்தால் மண்தூள் எல்லாம் வெள்ளையாகப் பற்றி, இரவு மழைக்குள் மோட்டார் சைக்கிள் ஓடுகிற மாதிரி ஆகிவிடும். வெளிச்சம் பக்கத்திலிருந்து, தூரத்திலிருந்து வரவேண்டும். இரண்டு சின்ன லைட், அவற்றைத் தாங்க இரண்டு பக்கமும் நீளக் கை, அதைத்தான் தாருங்கள் என்று பிடிவாதமாக வாங்கி வந்தேன்.

கூட்டையும் லைட்டையும் முதலில் வெறுமையாக, உள்ளே கைதுடைக்கும் ரிசுத் தாள் வைத்துக் கடலில் தாழ்த்திப் பார்த்தேன். தாள் நனையவில்லை. இறங்குவதற்கு முந்தின நாள் மாலை ரப்பர் வளையங்களைத் துடைத்து, கிறீஸ் பூசி, கமராவையும் பற்றரியையும் வைத்து எல்லாவற்றையும் மூடினேன். ஒரு தலைமயிர் வளையத்தில் கிடந்தாலும் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மூடினேன்.

காலையில் நானாவின் படகில் போனோம். இறங்கும்போது நல்ல பகல், உச்சி வெயில். சுற்றிவர வேறு ஒரு படகு இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் போனதும் வெயிலெல்லாம் சாம்பலாகிவிட்டது, நீட்டிய கை தெரியவில்லை. இரண்டு லைட்டின் பொத்தானையும் அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்ப அழுத்தினேன். பிறகு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது. வலது பழுது, இடதாவது எரிகிறதே என்று ஆறுதல்பட்டேன், வேறென்ன நினைப்பேன்? அப்படி ஒரு வெளிச்சம். ஒரு தூள் எழும்பவில்லை. படகின் முன்பக்க அணியம் முழுதும் தெரிந்தது, இலக்கம் தெரிந்தது, அக்காவின் பெயர் தெரிந்தது. நிதானமாக வீடியோ எடுத்தேன். கடைசியில் வெளிச்சம் இரண்டு தரம் மங்கிப் பிரகாசித்தது. பற்றரி இறங்குகிறது என்று நினைத்தாலும், பழக்கத்தில் கண் சிலிண்டரின் காற்றுமானிக்குப் போனது. முள் சிவப்பில் நின்றது. உடனே ஏறினேன்.

எல்லாம் எடுத்தாயிற்று என்று நான் சொல்ல, நானா லைட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, ரெண்டுக்குள்ளயும் கடல் தண்ணி நிக்குது. நீங்க கீழ எந்த வெளிச்சத்தில பாத்தீங்க?"

கழற்றினேன். இரண்டிலும் விளிம்புவரை உப்புத் தண்ணீர், பற்றரி செத்துப்போய் இருந்தது. இரண்டின் ரப்பர் வளையத்திலும் காய்ந்த குருத்தோலை நார் ஒன்று சிக்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவைப் பிடித்தேன். அவள் மறைக்கவில்லை.

"ஓம், நான்தான் வைச்சனான். புதுசா ஒரு சாமான் கடலுக்குப் போனா குருத்தோலை ஞாயிறுக்குக் கோவில்ல மந்திரிச்ச ஓலையில ஒரு துண்டு வைக்கிறதுதானே. படகுக்கு வைக்கேல்லையோ, எஞ்சினுக்கு வைக்கேல்லையோ? விடியப்புறம் ரெண்டு லைட்டையும் துறந்து வைச்சனான். கமராப் பெட்டியையும் துறக்கப் பாத்தன், துறபடேல்லை."

"உன்ர குருத்தோலையாலதான் ரெண்டு லைட்டும் நாசம், தெரியுமோ?"

"நாசமெண்டா வீடியோ எப்பிடி வந்தது?"

கோபத்தில் வீடியோவைப் போட்டேன்.

வெளிச்சம் இருந்தது. அக்கா தன் பெயரைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், ஒரு வருடமாக அழாமல் வைத்திருந்த அழுகை. அடுத்த ஞாயிறு பூசை முடிய, கதை கட்டின ஒவ்வொருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்தி, நானே வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ராமேஸ்வரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன், ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். அந்தக் கிழமை அத்தானுக்குத் துக்க மணி அடித்தார்கள். அக்கா கறுப்பு உடுத்து முதல் வாங்கில் இருந்தாள். அவ்வளவும்தான் எனக்கு வேண்டியிருந்தது, அது கிடைத்தது.

ஆனால் நான் அந்த வீடியோவைப் பிறகு பலதரம் தனியாகப் பார்த்தேன். படகின் பலகையில் என் நிழல் விழுகிறது, அது சரி. என் நிழலுக்குப் பக்கத்தில் என் இடப்பக்க லைட்டின் நிழலும், அதைத் தாங்கிய நீளக் கையின் நிழலும் விழுகிறது. எரிகிற லைட்டுக்கு எப்படி ஐயா நிழல் விழும்? வெளிச்சம் அதற்கும் வெளியே, அதற்கும் பின்னாலிருந்து வந்திருக்கிறது. நீங்கள்தான் கெட்டிக்காரர், நீங்களே சொல்லுங்கள்.

பழுதான லைட்டுகளைக் கொண்டுபோன அன்று கொழும்புக் கடைக்காரருக்கும் வீடியோவைக் காட்டினேன். நடந்த எதையும் சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"நீங்கள் சொன்னது சரிதான், பக்கத்து வெளிச்சம்தான் திறம். ஆனா இது கமராக் கையில பூட்டின லைட் இல்லையே. லைட் பிடிச்ச ஆள் ஆர்? நல்ல பழகின கை."

"என்ர அத்தான்," என்றேன். வேறு யாரைச் சொல்ல?

நான் இன்றைக்கும் எதையும் நம்பவில்லை. கடலுக்கும் போகிறேன், அதே இடத்துக்கே போகிறேன், பயம் ஒன்றும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான். அந்த வெளிச்சம் கடைசியில் இரண்டு தரம் மங்குகிறதே, அதை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், மங்கும் இரண்டு தரமும் படகின் பலகையில் ஐந்து விரல் நிழலாகத் தெரிகிறது. நான் அவர் சொன்னபடியே ஏறிவிட்டேன். பின்னால் வாறன் என்றவர்தான் இன்னும் வரவில்லை. எந்தக் கடலில் ஏறினாலும், படகின் விளிம்பைப் பிடித்தபடி ஒருமுறை கீழே திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் முகமூடியைக் கழற்றுகிறேன்.